குழந்தை வளர்ச்சிப் பாடங்கள்: கம்யூனிட்டி காலேஜிலிருந்து சிஎஸ்யூ போகும்போது யூனிட் வீணாகாமல் அவுட்லைனை எப்படித் திருத்துவது?

நந்தியாவட்டை கேட்கிறார்:

வணக்கம். கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் (இரண்டாண்டுக் கல்லூரியின்) குழந்தை வளர்ச்சித் துறையில் பாடத்திட்டத் திருத்தம் நடக்கிறது. இங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் பகலில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வருகிறவர்கள். சிஎஸ்யூ, அதாவது கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், போனதும் இவர்களில் சிலரிடம், முடித்த பாடத்தையே மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு பாடம் என்றால் கட்டணம் மட்டுமல்ல, ஒரு செமஸ்டர் மாலைப்பொழுது முழுக்கப் போகிறது.

மாநில அளவிலான பாட ஒருங்கிணைப்புத் திட்டத்தின், அதாவது கேப் திட்டத்தின், எட்டுப் பாடங்களில் நாலுக்கு சி-ஐடி (மாநிலப் பொதுப் பாட எண் முறை) ஒப்புதல் இருக்கிறது. சிக்கல் மற்ற நாலில்; எங்களிடம் அவை மூன்று பாடங்களாக இருக்கின்றன:

முதலாவது, குழந்தை வளர்ச்சிப் பாடம். எங்கள் அவுட்லைன், அதாவது பாட விவர ஆவணம், பிறப்பு முதல் எட்டு வயது வரைதான் பேசுகிறது.

இரண்டாவது, கவனித்தலும் மதிப்பீடும், கலைத்திட்ட அறிமுகம் இரண்டும் சேர்ந்து ஒரே 4 யூனிட் (கிரெடிட்) பாடமாக இருக்கிறது.

மூன்றாவது, களப்பயிற்சி. 3 யூனிட்டும் விரிவுரை நேரமாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு வெளியே 60 மணி நேரம் ஏதாவது ஒரு பள்ளியில் உதவ வேண்டும் என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

எதை முதலில் தொடுவது? ஏற்கெனவே பழைய பாடத்தை முடித்தவர்களுக்கு என்ன வழி?

---

ஆற்றங்கரை (ஆர்டிகுலேஷன், அதாவது கல்லூரிகளுக்கிடையே பாட இணக்கம் பார்க்கும் வேலையில் இருப்பவர்):

மூன்றையும் ஒரே சுற்றில் கமிட்டிக்கு அனுப்புங்கள். இந்த ஆண்டு ஒன்று, அடுத்த ஆண்டு ஒன்று என்று போனால் நடுவில் படிப்பவர்களுக்கு ஒவ்வொரு கேட்டலாக்கிலும் ஒரு பட்டியல் இருக்கும், ஆலோசகருக்கே தலை சுற்றும்.

கேப் திட்டம் மோடெஸ்டோவிலுள்ள குழந்தை வளர்ச்சிப் பயிற்சிக் கூட்டமைப்போடு சேர்ந்து வந்தது. அதன் எட்டுப் பாடங்களும் பிறகு சி-ஐடி விவரணங்களாயின, அதாவது ஒரு பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்ற பொது வரையறைகளாயின: சிடெவ் 100 குழந்தை வளர்ச்சி, சிடெவ் 110 குழந்தை-குடும்பம்-சமூகம், ஈசிஇ (முன்குழந்தைப்பருவக் கல்வி) 120 கற்பித்தலின் கொள்கைகளும் நடைமுறையும், ஈசிஇ 130 கலைத்திட்ட அறிமுகம், ஈசிஇ 200 கவனித்தலும் மதிப்பீடும், ஈசிஇ 210 களப்பயிற்சி, ஈசிஇ 220 உடல்நலம்-பாதுகாப்பு-ஊட்டச்சத்து, ஈசிஇ 230 பன்முகச் சமூகத்தில் கற்பித்தல். தலா 3, மொத்தம் 24 செமஸ்டர் யூனிட். உங்கள் காலேஜில் ஆறு பாடம் மூன்று யூனிட், ஒன்று நாலு யூனிட், ஆக 22. அந்த 2 யூனிட் பற்றாக்குறை டிரான்ஸ்ஃபரில் மட்டும் இடிக்காது. குழந்தை வளர்ச்சி ஆசிரியர் பெர்மிட்டுக்கும் 24 யூனிட் வேண்டும் (அதோடு 16 யூனிட் பொதுப் பாடம்). டிகே வகுப்பு (கிண்டர்கார்டனுக்கு முந்தைய ஆண்டு) எடுக்கிறவர்களிடம் கேட்கிற ஈசிஇ யூனிட்டும் 24தான். 22-ல் நின்றுவிட்டவர் எங்கே போனாலும் இன்னொரு பாடம் எடுக்கத்தான் வேண்டும். ஆகவே முதலில் அந்த 4 யூனிட் பாடத்தைப் பிரியுங்கள்.

பிரிக்கும்போது பழைய அவுட்லைனைப் பாதியாக வெட்டி இரண்டு பக்கமும் ஒட்டாதீர்கள். மதிப்பாய்வாளர் பாடத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. விவரணத்தில் இருக்கும் ஒவ்வொரு குறிக்கோளும் உங்கள் அவுட்லைனில் எங்கே இருக்கிறது, எந்தப் பாடப்பொருளில் வருகிறது, எந்தப் பணியில் அது சோதிக்கப்படுகிறது என்று மூன்று இடத்திலும் தேடுவார். ஈசிஇ 200-இல் அடிக்கடி விடுபடுவது குடும்பங்களின் பங்கு. நிகழ்வுக் குறிப்பு, தொடர்பதிவு, சரிபார்ப்புப் பட்டியல், நேர மாதிரி என்று பதிவு முறைகளையெல்லாம் அழகாக எழுதியிருப்பார்கள். ஆனால் மதிப்பீட்டைப் பெற்றோரோடும் மற்றத் தொழில்முறையாளர்களோடும் பகிர்ந்து பயன்படுத்துவது பற்றி ஒரு வரியும் இருக்காது. அதே போல டிஆர்டிபி (குழந்தையின் வளர்ச்சியை மதிப்பிடும் மாநிலக் கருவி) மாதிரியான கருவியும் சூழல் தரமதிப்பீட்டு அளவுகோலும் பாடப்பொருளில் இருக்க வேண்டும். ஒரு குழந்தையைப் பற்றிய போர்ட்ஃபோலியோ பணிகளில் இருக்க வேண்டும். தேர்வு மட்டுமே மதிப்பீடு என்று எழுதினால் எந்த விவரணத்துக்கும் ஒட்டாது.

சிடெவ் 100 கருத்தரிப்பு முதல் வளரிளம் பருவம் வரை. எட்டு வயதோடு நிறுத்தினால் ஒப்புதல் கிடைக்காது. நடுக் குழந்தைப்பருவம், வளரிளம் பருவம் இரண்டுக்கும் உடல், அறிவு-மொழி, சமூக-உணர்வு என்று மூன்று களத்திலும் பாடப்பொருள் சேருங்கள். கடைசி வாரத்தில் ‘வளரிளம் பருவம்’ என்று ஒற்றை வரி போட்டு முடித்தால் நிபந்தனையோடு திரும்பி வரும். குழந்தைகளை நேரில் கவனித்து எழுதும் பணியும் வேண்டும். மறுபக்கம், உளவியல் துறையின் முழு ஆயுட்கால வளர்ச்சிப் பாடத்தை இதற்குப் பதிலாகக் காட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். முடியாது, அது வேறு விவரணம்.

பாடநூல் பட்டியலையும் பாருங்கள். ஏழு ஆண்டுக்கு மேல் பழைய பதிப்பு ஒன்றே ஒன்று இருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் திரும்பி வரலாம். பழைய நூலை வைத்துக்கொள்ள விரும்பினால் கூடவே ஒரு புதிய பதிப்பையும் சேர்த்துவிடுங்கள். கலைத்திட்டப் பாடத்தில் மாநிலத்தின் கற்றல் அடிப்படைகளைக் குறிப்பிடும்போது 2024-இல் வந்த, டிகேயையும் உள்ளடக்கிய பதிப்பைப் போடுங்கள்.

போகும் வழி இது: துறை, கரிக்குலம் கமிட்டி, ஆட்சிக்குழு, மாநிலச் சான்சலர் அலுவலகத்தின் கோக்கி தரவுத்தளம், அங்கே கட்டுப்பாட்டு எண், பிறகு அசிஸ்ட் (எந்தப் பாடம் எந்த வளாகத்தில் ஏற்கப்படும் என்று காட்டும் இணையதளம்), பிறகு சி-ஐடி. ஃபாலில் (இலையுதிர்கால செமஸ்டரில்) கமிட்டிக்குப் போனால் அடுத்த ஃபால் கேட்டலாக்கில் வரும் என்று கணக்கு வையுங்கள். பழைய 4 யூனிட் பாடத்தை புதியவை நடைமுறைக்கு வரும் அதே செமஸ்டரில் செயலிழக்கச் செய்யுங்கள், முன்பே அல்ல. நடுவில் ஒரு செமஸ்டர் எந்தப் பாடமும் இல்லாமல் போனால் களப்பயிற்சிக்குப் போகவேண்டியவர்கள் நின்றுவிடுவார்கள்.

---

கூடுகட்டி (சிஎஸ்யூ பக்கத்தில் டிரான்ஸ்ஃபர் மதிப்பீடு பார்ப்பவர்):

பழைய பாடத்தை முடித்தவர்களுக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள், நந்தியாவட்டை. எனக்கு இதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது.

ஏடிடி, அதாவது சிஎஸ்யூவுக்கு மாறுவதற்கான இரண்டாண்டுப் பட்டத்தோடு வருகிறவரும் அது இல்லாமல் வருகிறவரும் எங்கள் மேசைக்கு வேறு வேறு ஆட்கள். 2010-இல் வந்த எஸ்பி 1440 சட்டப்படி, ஏடிடியில் கணக்கில் எடுத்த பாடத்துக்கு நிகரான பாடத்தை சிஎஸ்யூ மறுபடி எடுக்கச் சொல்லக் கூடாது. நிகரானது என்று அந்த வளாகம் ஏற்ற பட்டத்தில் சேர்ந்தால், 120 யூனிட் பட்டத்துக்கு மேற்கொண்டு 60 யூனிட்டுக்கு மேல் கேட்கவும் கூடாது. பட்டம் இல்லாமல் 58 யூனிட்டோடு வருகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அசிஸ்டில் அந்தக் குறிப்பிட்ட வளாகத்தோடு அந்த ஆண்டு என்ன ஒப்பந்தம் இருந்ததோ அதுதான். ஆகவே 22 யூனிட்டோடு நிற்கிறவர்களை அப்படியே அனுப்பாதீர்கள். ஏடிடி வழங்குவது உங்கள் காலேஜ். மாற்றுப் பாடம் ஏற்பதைத் துறை ஆசிரியர்களே முடிவு செய்யலாம். புதிய ஈசிஇ 200 பாடத்தை மட்டும் எடுக்கவைத்து, பழைய 4 யூனிட் பாடத்தை ஈசிஇ 130-க்கு மாற்றாக எழுத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய பாடத்தில் கலைத்திட்டப் பகுதி ஈசிஇ 130-ஐ நிரப்பும் அளவுக்கு இருந்ததா என்று பழைய அவுட்லைனை வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான். அந்தப் படிவம் மாணவர் கோப்பில் இருக்கட்டும்.

அடுத்து, ‘மறுபடி எடுக்கச் சொன்னார்கள்’ என்பதற்குள் இரண்டு வேறு விஷயம் கலந்திருக்கும். சில வளாகங்களில் கவனித்தல்-மதிப்பீடு மேல்நிலைப் பாடம் (மூன்றாம், நாலாம் ஆண்டுக்கானது), 300 அல்லது 400 வரிசை. கம்யூனிட்டி காலேஜ் பாடம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் கீழ்நிலை யூனிட்டாகத்தான் வரும். பிஏ பட்டத்துக்கு மேல்நிலை யூனிட் 40 வேண்டும். மேலும் அந்த வளாகத்திலேயே 30 யூனிட், அதில் 24 மேல்நிலை. எனவே உள்ளடக்கத்துக்கு விலக்கு கொடுத்தாலும் யூனிட் எண்ணிக்கைக்கு வேறொரு மேல்நிலைப் பாடம் எடுக்க வேண்டிவரும். மாணவருக்கு இது திரும்பப் படிப்பது போலத் தெரியும். துறைத் தலைவர்கள் இருவரும் ஒரு முறை உட்கார்ந்து பேசினால் நிலைமை மாறும்: கம்யூனிட்டி காலேஜில் கருவிகளைக் கையாளக் கற்பதோடு நிறுத்திக்கொண்டு, நம்பகத்தன்மை, செல்லுபடித்தன்மை, இருமொழிக் குழந்தைகளின் மதிப்பீடு போன்றவற்றை மேல்நிலைப் பாடத்துக்கு விடலாம். அப்படி எல்லை பிரித்த வளாகங்களில் இந்தப் புகார் குறைவு.

கடைசியாக, எந்த ஏடிடி? ஈசிஇ ஏடிடி, குழந்தை மற்றும் வளரிளம் பருவ வளர்ச்சி ஏடிடி, தொடக்கப்பள்ளி ஆசிரியர் கல்வி ஏடிடி என்று மூன்று தனித்தனி. ஒவ்வொரு வளாகமும் எதை எந்தப் பட்டத்துக்கு நிகரானது என்று ஏற்கிறது என்பது மாறும். சான் ஓசே, நார்த்ரிட்ஜ் போன்ற வளாகங்களில் பட்டத்தின் பெயரிலேயே வளரிளம் பருவம் இருக்கிறது. ஈசிஇ ஏடிடி அங்கே ஏற்கப்படுகிறதா என்று முதல் செமஸ்டரிலேயே பார்த்துவிட வேண்டும், நாலாவது செமஸ்டரில் அல்ல.

---

நந்தியாவட்டை:

மிக்க நன்றி, இருவருக்கும். 22 யூனிட் கணக்கை இந்தக் கோணத்தில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. களப்பயிற்சிக்கு மணிக்கணக்கை எப்படிப் பிரிப்பது? வேலை செய்யும் இடத்திலேயே களப்பயிற்சி செய்யலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

---

செம்பருத்தி டீச்சர் (களப்பயிற்சி ஒருங்கிணைப்பாளர்):

கணக்கிலிருந்தே தொடங்கலாம். 18 வார அடிப்படையில் 1 விரிவுரை யூனிட் வகுப்பில் 18 மணி, வெளியே வீட்டுவேலை 36 மணி. 1 லேப் யூனிட் வகுப்பு நேரமாகவே 54 மணி. 3 யூனிட் களப்பயிற்சியை 2 விரிவுரை, 1 லேப் என்று எழுதினால் 36 + 54, மொத்தம் 90 மணி. 1 விரிவுரை, 2 லேப் என்றால் 18 + 108, மொத்தம் 126. உங்கள் அவுட்லைனில் இப்போது இருப்பது 54 மணி விரிவுரையும் யாரும் கணக்கில் எடுக்காத 60 மணி உதவியும். அந்த 60 மணிக்கு யூனிட்டும் இல்லை, ஆசிரியருக்குப் பணிச்சுமைக் கணக்கும் இல்லை. அதனால்தான் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. லேப் என்று எழுதிய மறுநிமிடமே அது மேற்பார்வையுள்ள நேரமாகிவிடுகிறது. நான் 2+1 அமைப்பையே பரிந்துரைப்பேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு 108 மணி லேப் ஒரு செமஸ்டரில் கஷ்டம்.

விவரணம் கேட்பது கற்பித்தல் திறனை வழிகாட்டுதலோடு நேரில் காட்டுவது. எனவே அவுட்லைனில் ‘உதவுதல்’, ‘பங்கேற்றல்’ என்ற சொற்களை எடுத்துவிடுங்கள். திட்டமிடுகிறார், நடத்துகிறார், ஆவணப்படுத்துகிறார், தன் கற்பித்தலை மதிப்பிட்டுத் திருத்துகிறார் என்று எழுதுங்கள். ஆசிரியர் எத்தனை முறை நேரில் அல்லது வீடியோவில் வந்து பார்ப்பார், வழிகாட்டி ஆசிரியரின் தகுதி என்ன என்பதும் இருக்கட்டும். முன்தேவைப் பாடங்களை விவரணத்தில் உள்ளபடியே வையுங்கள், குறைக்காதீர்கள். கலைத்திட்டமும் கவனித்தலும் தெரியாமல் களப்பயிற்சிக்கு வருகிறவர் முதல் ஆறு வாரம் குழந்தைகள் நடுவே என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறுகிறார். அது அவர் தவறில்லை.

வேலை செய்யும் இடத்தில் செய்யலாமா? செய்யலாம், ஆனால் அவருக்கு மேலே ஒரு தகுதியுள்ள வழிகாட்டி அதே வகுப்பறையில் இருந்தால் மட்டும். வீட்டிலேயே காப்பகம் நடத்துகிறவர்களுக்கு இதுதான் தடை, அங்கே அவருக்கு மேல் ஆளில்லை. மாநிலத்தின் குழந்தைப்பருவ வழிகாட்டித் திட்டத்தில் இருக்கும் வழிகாட்டிகளின் வகுப்பறைகளைக் கேட்டுப் பாருங்கள். காலேஜில் ஆய்வகப் பள்ளி இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

காகித வேலையை செமஸ்டருக்கு முன்பே முடிக்கச் சொல்லுங்கள். எஸ்பி 792 சட்டப்படி 2016 செப்டம்பர் முதல் காப்பகங்களில் வேலை செய்கிறவர்களுக்கும் தொண்டர்களுக்கும் தட்டம்மை, கக்குவான், ஃபுளூ தடுப்பூசிச் சான்று வேண்டும். ஃபுளூவை மட்டும் எழுத்தில் மறுக்கலாம். காசநோய்ப் பரிசோதனை, சில இடங்களில் கைரேகைச் சோதனை. தட்டம்மைச் சான்று தொலைந்து போயிருந்தால் ரத்தப் பரிசோதனை எடுத்து முடிவு வரச் சில நாள் ஆகும். மூன்றாவது வாரத்தில் இதைத் தொடங்குகிறவருக்கு 54 மணி நிறையாது.

---

தென்னங்கீற்று (ஆலோசகர்):

பொதுப் பாடங்கள் பற்றி யாரும் பேசவில்லை. இங்கேதான் நிறைய யூனிட் சிதறுகிறது.

2025 ஃபால் முதல் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஏடிடியில் கால்-கெட்சி என்ற மாநிலப் பொதுப் பாடத் தொகுப்பு ஒன்றுதான் வழி: 34 செமஸ்டர் யூனிட், ஒவ்வொரு பாடத்திலும் சி கிரேடாவது. 34 + 24 = 58. சிடெவ் 100 உங்கள் காலேஜின் கால்-கெட்சி நாலாம் பகுதிப் (சமூக, நடத்தை அறிவியல்) பட்டியலில் இருந்தால் இரண்டு பக்கமும் கணக்காகும், 55 ஆகிவிடும். மீதி 5 யூனிட் விருப்பப் பாடத்துக்கு. சிடெவ் 110-ஐயும் அதே பகுதியில் போட்டு இன்னும் 3 மிச்சம் பிடிக்கலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். நாலாம் பகுதியின் இரண்டு பாடமும் இரண்டு வெவ்வேறு துறையிலிருந்து வர வேண்டும். இரண்டும் குழந்தை வளர்ச்சி என்றால் ஒன்றுதான் செல்லும்.

முன்பு பல காலேஜ்கள் ஈசிஇ 220 மாதிரியான பாடங்களை சிஎஸ்யூவின் வாழ்நாள் கற்றல் பகுதியில், ஈ பகுதியில், வைத்திருந்தன. கால்-கெட்சியில் அந்தப் பகுதியே இல்லை. பழைய ஆலோசனைத் தாள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் கிழித்துப் போடுங்கள். 2025 ஃபாலுக்கு முன்பே சேர்ந்து, இடைவிடாமல் படிக்கிறவர்களுக்குக் கேட்டலாக் உரிமை, அதாவது சேர்ந்த ஆண்டின் விதிப்படியே முடிக்கும் உரிமை, உண்டு, அவர்களைப் புதிய தாளுக்கு இழுக்க வேண்டாம்.

ஈசிஇ 230-இல் இனம், பண்பாடு பற்றியெல்லாம் படிக்கிறார்கள் என்பதால் ஆறாம் பகுதியின் இன ஆய்வுப் பாடம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் அதிகம். முடியாது. அது இன ஆய்வுத் துறையின் பாடமாக அல்லது அதோடு இணைப்பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும். கணிதத்துக்குப் புள்ளியியலையே எடுக்கச் சொல்லுங்கள், இப்போது பொது எண்ணில் ஸ்டாட் சி1000. குழந்தை வளர்ச்சிப் பட்டங்கள் பலவற்றில் எப்படியும் அதைக் கேட்பார்கள்.

சாந்தா கிளாரா பள்ளத்தாக்குப் பக்கம் இருந்தால் டி ஆன்சா, ஃபூட்ஹில் காலேஜ் மாணவர்களும் வருவார்கள். அங்கே குவார்ட்டர் முறை. ஒரு செமஸ்டர் யூனிட் ஒன்றரை குவார்ட்டர் யூனிட். 4 குவார்ட்டர் யூனிட் பாடம் 2.67 செமஸ்டர் யூனிட்தான். அப்படி எட்டுப் பாடம் முடித்தவருக்கு 32 குவார்ட்டர், அதாவது 21.33 செமஸ்டர். பாடம் எட்டும் முடிந்திருக்கும், 24 வந்திருக்காது. கைக்குழந்தைப் பராமரிப்பு, சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் போன்ற கூடுதல் பாடம் ஒன்றால் அதை நிரப்புங்கள். மாஸ்டர் டீச்சர் பெர்மிட்டுக்கான 6 யூனிட் சிறப்புப் பிரிவுக்கும் அது உதவும்.

இன்னொன்று. சிடிஏ (குழந்தைப் பராமரிப்புப் பணியாளருக்கான தேசியச் சான்றிதழ்) வைத்திருப்பவர் 120 மணி நேரப் பயிற்சியை யூனிட்டாகக் காட்டச் சொல்வார். அது காலேஜ் யூனிட்டாக எடுக்கப்பட்டிருந்தால்தான் செல்லும். இல்லையென்றால் முன்கற்றல் மதிப்பீட்டில் துறை என்ன ஏற்கிறது என்று கேளுங்கள்.

---

வைகைக்கரை:

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். இந்தியாவில் பிஎஸ்சி முடித்து இங்கே வந்தவர், டிகே ஆசிரியராக வேண்டும் என்றால் இந்த ஏடிடி எல்லாம் தேவையா?

---

தென்னங்கீற்று:

தேவையில்லைங்க. பட்டம் ஏற்கெனவே இருப்பவருக்கு ஏடிடி வீண் சுமை. முதலில் ஆசிரியர் சான்றளிப்பு ஆணையத்தின் பட்டியலில் உள்ள நிறுவனத்தில் மதிப்பெண் சான்றைப் பாடவாரியாக மதிப்பிட வையுங்கள். பிறகு சான்றிதழ் படிப்பு: பல பாட ஆசிரியர் சான்றிதழ் அல்லது பிகே-3 (மழலையர் பள்ளி முதல் மூன்றாம் வகுப்பு வரை) சான்றிதழ். பல பாடச் சான்றிதழோடு டிகே எடுப்பவர்களுக்கு, 2015 ஜூலை 1-க்குப் பிறகு முதன்முறையாக டிகேவில் நியமிக்கப்பட்டிருந்தால், 2025 ஆகஸ்ட் 1-க்குள் 24 யூனிட் ஈசிஇ, அல்லது அதற்கு ஈடென்று பள்ளி மாவட்டம் ஏற்கும் அனுபவம், அல்லது குழந்தை வளர்ச்சி ஆசிரியர் பெர்மிட் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த 24-ஐ கம்யூனிட்டி காலேஜிலேயே எடுக்கலாம், மேலே சொன்ன எட்டுப் பாடமும் சரியாக அந்த அளவுதான். 24 யூனிட் மட்டும் வைத்துக்கொண்டு அரசுப் பள்ளி டிகேவில் தனி ஆசிரியராக நிற்க முடியாது என்பதையும் அவருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

---

ஆற்றங்கரை:

நந்தியாவட்டைக்கு ஒரே ஒரு சேர்க்கை. சி-ஐடி ஒப்புதலுக்கு எந்தச் செமஸ்டரிலிருந்து செல்லும் என்று ஒரு தேதி உண்டு. நிபந்தனையோடு திரும்பி வந்தால் சும்மா விடாதீர்கள்; மதிப்பாய்வாளரின் குறிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று வரிதான், துறையில் ஒருவர் ஒரு மாலையில் திருத்திவிடலாம். ஆனால் அந்தத் திருத்தமும் மறுபடி கரிக்குலம் கமிட்டி வழியாகப் போக வேண்டும், கூட்டத் தேதியை முன்கூட்டியே குறித்து வையுங்கள். எல்லா அவுட்லைனையும் அனுப்புவதற்கு முன் விவரணத்தை இடப்பக்கம், உங்கள் வரிகளை வலப்பக்கம் வைத்து ஒரு அட்டவணை போட்டுப் பாருங்கள். வலப்பக்கம் காலியாக இருக்கும் கட்டம் எதுவோ, அங்கேதான் திரும்பி வரும்.